அம்மா சொல்ற ஒரே வார்த்தை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. ஆண்டவர் கிருபையில நானும் அம்மாவும் இங்க சுகம், எப்படிப்பட்ட சுகம்னு கீழ விவரமா எழுதுறேன், பூசி மெழுகி எழுத இனிமே தெம்பு இல்லை. அங்க நீயும், என் ரெட்டை வாலுங்க சுண்டெலியும் குண்டுமணியும், கப்பல்ல இருக்குற மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுதான் பேனாவையே எடுத்தேன். போன்ல சொல்ல வேண்டியதை எதுக்குக் கடுதாசியில எழுதுறேன்னு நினைப்ப. போன்ல சொன்னா நீ குறுக்க பேசுவ, நீ நிறுத்தினா சுண்டெலி அழும், அதைப் பாத்து குண்டுமணியும் அழும். கடுதாசிகிட்ட உன் வாயாடித்தனம் பலிக்காது பாரு.

போன ஞாயித்துக்கிழமை நீ பேசினதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. அடுப்புல பாலை வச்சுட்டு சுவத்துல சாஞ்சேன்ப்பா, அப்படியே தூங்கிட்டேன், பால் பொங்கி பாத்திரம் தீஞ்சு வீடெல்லாம் புகை, குழந்தைங்க இருமின சத்தத்துலதான் முழிச்சேன்னு என்னமோ வேடிக்கை மாதிரி சொன்ன. அதுக்கப்புறம் சொன்னியே அது இன்னும் மோசம், ஜெபம் பண்ண முழங்கால் போட்டா கண்ணு சொருகுது, ரெண்டு வார்த்தை வரலை, ஆண்டவர் முகத்துல எப்படி முழிப்பேன், அதனால ஜெபத்தையே விட்டுட்டேன்னு. கீழ் வீட்டு டீச்சரம்மா மத்தியானத்துல குழந்தைங்களைப் பாத்துக்குறேன்னு கேட்டாங்களேன்னு நான் சொன்னா, சே சே எதுக்கு அடுத்தவங்களுக்குத் தொந்தரவு, நான் பாத்துக்குறேன்னுட்ட. உன்னைத் திட்டலாம்னு வாயைத் திறந்தேன், ஆனா அந்த நான் பாத்துக்குறேன் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க. அதனால வாயை மூடிக்கிட்டு போனை வச்சுட்டேன்.

இங்க நடந்ததைக் கேளு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நீ பாத்துட்டுப் போனப்போ அவளுக்குப் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு நாள் வாயைத் திறந்து, போதும்னு ஒரு வார்த்தை சொன்னா. நீயும் போன்ல கேட்டுட்டு அம்மா பேசிட்டாங்கன்னு அழுதியே, அதேதான். ஆனா அது ஒண்ணுதான் வருதுங்கிறதை உன்கிட்ட சொல்லலை. தண்ணி வேணும்னாலும் போதும், ஜன்னலைச் சாத்தணும்னாலும் போதும், கோவம் வந்தா ரெண்டு தடவை போதும். டாக்டர் சொன்னார், சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மாட்டிக்கும், மத்தது மெதுவா வரும்னு. முதல் நாள் எனக்கு அது தெரியலை, சூப் ஊட்டுறப்போ அவ போதும்னா, நானும் சரின்னு கிண்ணத்தை எடுத்துக்கிட்டு போய்க் கழுவியே வச்சுட்டேன். பாவம், இன்னும் கொஞ்சம் ஊட்டுன்னு கேட்டிருக்கா. திரும்பி வந்து பாத்தா கண்ணாலேயே என்னை எரிச்சா பாரு, கல்யாணம் ஆன புதுசுல பாத்தது அந்தப் பார்வையை. இப்போ குரல் ஏறுறதையும் இறங்குறதையும் வச்சுக் கண்டுபிடிச்சுடுவேன், பாதி நாள் தப்பாதான் கண்டுபிடிப்பேன்.

இதுக்கு நடுவுல லிஃப்ட் வேலையையும் விடலை. பக்கத்துத் தெருக் கட்டடங்களை மட்டும் வச்சுக்கிட்டேன், ஒரு லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வருவேன், அம்மாவைத் திருப்பிப் படுக்க வச்சுட்டு அடுத்த லிஃப்டுக்கு ஓடுவேன். குளிப்பாட்டுறது துவைக்கிறது சமைக்கிறது எல்லாம் நானேதான். சபையில யார் கேட்டாலும் நான் பாத்துக்குறேன்னு ஒரே பல்லவி. லிஃப்டுக்கு மேல இருக்குற மோட்டார் ரூம்ல ஏணியில நிக்கிறப்போ கை நடுங்க ஆரம்பிச்சதையும் யார்கிட்டயும் சொல்லலை. ஆளு அதிகமா ஏறினா லிஃப்ட் மணி அடிச்சுட்டு அப்படியே நிக்கும் பாத்திருப்ப, உடனே எனக்கு போன் பண்ணி லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு திட்டுவாங்க, அது கெடலைங்க, யாராவது ஒருத்தர் இறங்குங்கன்னு நானும் காலமெல்லாம் சொல்லிட்டு வர்றேன். என் மணி அடிச்சது மட்டும் என் காதுல விழலை.

போன ஞாயித்துக்கிழமை நீ போன் பண்றதுக்கு முன்னாடி காலையில, அம்மாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டு, சபை எதிர்த்தாப்புலதானேன்னு ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் முடிஞ்சு பாஸ்டர் எல்லாரையும் முழங்கால் போடச் சொன்னார். நானும் போட்டேன், முன் பெஞ்சுல நெத்தியை வச்சேன், ஆண்டவரேன்னு ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கு. அவ்வளவுதான். ஆமென் சொல்லி எல்லாரும் எந்திரிச்சிருக்காங்க, நான் எந்திரிக்கலை. பாஸ்டர் பாத்துட்டு, ஐயோ பாவம் மனுஷன் சம்சாரத்துக்காக ஆண்டவரோட போராடுறார்னு மனசு உருகி, கையைக் காட்டி சபை மொத்தத்தையும் திரும்ப முழங்கால் போட வச்சுட்டார். என்னைப் பாத்து ரெண்டு மூணு பேர் தேம்பித் தேம்பி அழுதாங்களாம். அந்த நேரம் பாத்து நான் ஒரு குறட்டை விட்டிருக்கேன். அதைக் கேட்டு யாரோ சிரிப்பை அடக்க முடியாம புரையேறி இருமினாங்க, நான் திடுக்குனு முழிச்சு, கதவைச் சாத்தாதீங்க, உள்ள ஆள் இருக்குன்னு கத்திட்டேன். மோட்டார் ரூம் நினைப்பு. சபையே கொல்லுனு சிரிச்சுச்சு. எனக்கு பூமி பிளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. ஆனா பாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா, இன்னைக்கு நான் இளைப்பாறுதலைப் பத்தித்தான் மூச்சு முட்டப் பேசினேன், அதைக் கேட்டு உடனே கைக்கொண்டவர் இவர் ஒருத்தர்தான்னு சொன்னார். அப்புறம் பக்கத்துல வந்து மெதுவா, புயல் அடிக்கிறப்போ படகுல தலையணை வச்சுத் தூங்கினவர்தானே நம்ம ஆண்டவர், உடம்போட அசதி அவருக்குத் தெரியாதான்னார். எனக்கு அங்கயே கண்ணு நிறைஞ்சுபோச்சு.

அதோட விட்டாங்களா. நம்ம சபைக்கு வர்ற தையல் கடை அக்கா என் பின்னாடியே வீட்டுக்கு வந்துட்டாங்க. உதவி ஏதாவது வேணுமான்னு கேட்டிருந்தா என் பல்லவியைப் பாடியிருப்பேன். அவங்க கேக்கவே இல்லை, கையை நீட்டி வீட்டுச் சாவியைக் குடுங்க தம்பி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மத்தியானம் நான் வர்றேன், நடுவுல வர்ற நாளுக்கு பாஸ்டரம்மா வருவாங்கன்னாங்க. நான் வழக்கம் போல, எதுக்குங்கக்கா சிரமம், நான் பாத்துக்குறேன்னு முடிக்கல, உள்ள இருந்து அம்மா போதும்னு ஒரு அதட்டுப் போட்டா. தண்ணியான்னு கேட்டேன், இல்லைன்னு தலையை ஆட்டினா. தலையணையான்னேன், ஜன்னலான்னேன், அதுவும் இல்லை. நல்லா இருக்குற இடது கையைத் தூக்கி என் நெஞ்சுக்கு நேரா காட்டி போதும்னா. இந்தத் தடவை தப்பாக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சாவியைக் குடுத்துட்டேன்.

அன்னைக்கு மத்தியானமே அக்கா அம்மாவைப் பாத்துக்க, நான் முன் ரூம்ல படுத்தேன். ஜெபம் பண்ணலாம்னு பாத்தா வார்த்தை வரலை, உனக்கு வராத மாதிரியேதான். ஆண்டவரே, முடியலைன்னு மட்டும் சொன்னேன். வேற எதுவும் கேக்கலை, தூங்கிட்டேன். இதுவரைக்கும் பண்ணின நீட்டு நீட்டு ஜெபத்துல எல்லாம் ஒரு நாள் கூட அவர்கிட்ட முடியலைன்னு சொன்னது இல்லைடா, பலம் குடும் பலம் குடும்னுதான் கேட்டிருக்கேன். முழிச்சப்போ உள்ள அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அக்கா அவளுக்குத் தலை குளிப்பாட்டி, கட்டில்ல சேர்ந்து உக்காந்து தலை வாரிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும், தம்பி இங்க வந்து உக்காந்து எதிர் சுவத்தைப் பாருங்கன்னாங்க. அந்தச் சுவத்துல நம்ம வசன அட்டை மாட்டியிருக்கு, என் கிருபை உனக்குப் போதும்னு இருக்குமே, நீ சின்ன வயசுல எழுத்துக் கூட்டிப் படிச்சது. மருந்து அலமாரியை நான் அவசரத்துல அதுக்கு முன்னாடி தள்ளி வச்சதுல வசனத்தோட மத்த வார்த்தையெல்லாம் மறைஞ்சு, படுத்திருக்குறவ கண்ணுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் தெரியுது. இத்தனை நாளா அவ அதைத்தான் படிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கா. நான் அவ காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். அலமாரியை நகத்தட்டுமான்னு கேட்டதுக்கும் போதும்னுட்டா, அதனால அது அங்கேயே இருக்கு.

அன்னைக்குச் சாயங்காலம்தான் நீ போன் பண்ணி புகைக் கதையைச் சொன்ன. இதையெல்லாம் அப்பவே சொல்ல எனக்கு நாக்கு எழலை. இப்போ சொல்றேன், கேட்டுக்கோ. ஜெபத்துல தூங்கினா ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார், குண்டுமணி பால் குடிச்சுக்கிட்டே உன் மடியில தூங்குறப்போ நீ கோவிச்சுக்கிறியா. முழங்கால் போட முடியலைன்னா படுத்துக்கிட்டே அவரைக் கூப்பிடு, பாதி வார்த்தை போதும். ஆனா பலம் வேணும்னு ஆண்டவர்கிட்ட கேட்டுட்டு, அவர் அனுப்புற ஆளை வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்புறது நம்ம குடும்பத்து வியாதி. டீச்சரம்மாவைத் தொந்தரவுன்னு சொல்லாதே. எனக்கு ஏணியில கை நடுங்குறது நின்னுபோச்சு, சிடுசிடுப்பும் குறைஞ்சிருக்குன்னு அம்மா முகத்துலயே தெரியுது. மாப்பிள்ளை வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்னு நினைக்காதே, அடுத்த தடவை குழந்தைங்க இருமி எழுப்பலைன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாரு.

அடுப்புல எதையாவது வச்சா உக்காராதே, சுவத்துல சாயாதே. வேளைக்குச் சாப்பிடு. என் பேத்திங்களுக்கு ஆளுக்கொரு முத்தம், சுண்டெலிக்கு ஒண்ணு கூட. உன்னைத் தூக்கிச் சுமக்கிறவர் தூங்குறதும் இல்லை அசர்றதும் இல்லை, அதனால நீ தைரியமாத் தூங்கும்மா. அவர் உன் வீட்டையும் உன் பிள்ளைங்களையும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். எழுதினது வரைக்கும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டி, உனக்கு என்ன எழுதட்டும்னு கேட்டேன். போதும்னா. கடுதாசி போதுங்கிறியான்னு கேட்டேன், இல்லைன்னு தலையை ஆட்டினா. உன் போட்டோவைக் கை காட்டி வாங்கி, உன் முகத்தைத் தடவித் தடவி அதையே சொன்னா. அப்புறம் தையல் கடை அக்கா என்கிட்ட நீட்டின மாதிரியே, போட்டோவுக்கு முன்னாடி கையை நீட்டி விரிச்சு வச்சுக்கிட்டா.

இதைப் படிச்சு முடிச்சதும் கீழ இறங்கிப் போய் டீச்சரம்மாகிட்ட சாவியைக் குடு.

இப்படிக்கு,
சாவியைக் குடுத்துட்டுத் தூங்கி எந்திரிச்ச
உன் அப்பா