மிதந்த மூன்று முட்டைகள்

என் கண்ணான கலைவாணி டீச்சருக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். நான் இருக்கிறேன். முட்டி வலி, சர்க்கரை, பழைய கோபம் எல்லாம் கூடவே இருக்கின்றன. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு செய்தி. இரும்பு ஆலைக்குப் பின்னால் இருக்கும் அதே பள்ளிக்கூடத்தில், நீங்கள் பாடம் நடத்திய அதே அறையில், என் பேத்தி திவ்யா நாலாவது படிக்கிறாள். போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ‘முட்டை எந்த அறிவியல்?’ என்று கேள்வி. ‘உயிரியல்’ என்று எழுதியிருந்தாள். சரி என்று டிக் போட்டிருந்தது.

“தப்பு” என்றேன்.

“ஆயா, சும்மா இரு. சாரே டிக் போட்டுட்டாரு. உனுக்கு இன்னா தெரியும்?”

எனக்கு என்ன தெரியும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமையை நான் மறக்கவில்லை. நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட புடவை கட்டியிருந்தீர்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் என்று பிள்ளைகள் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். எது எதற்கு என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. நீங்கள் சத்துணவுக் கூடத்துக்கு வந்து, “ஒரே ஒரு முட்டை குடுங்கக்கா” என்றீர்கள். சமையல்காரியை அக்கா என்று கூப்பிட்ட டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஒருத்திதான்.

என்னையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் முட்டையைத் தண்ணீரில் போட்டீர்கள். “ஏன் முழுகுதுன்னு கேட்டா இயற்பியல்.” பழைய ஓட்டுத் துண்டு ஒன்றை எலுமிச்சைச் சாற்றில் போட்டீர்கள். “ஏன் நுரை வருதுன்னு கேட்டா வேதியியல். உள்ள குஞ்சு எப்படி வளருதுன்னு கேட்டா உயிரியல். முட்டை ஒண்ணுதான். நாம கேக்கற கேள்விதான் வேற வேற.”

“அப்ப வானம் எங்க டீச்சர்?” என்றது ஒரு வாண்டு.

ஜன்னலைச் சாத்தச் சொன்னீர்கள். டார்ச்சை என் கையில் கொடுத்தீர்கள். நீங்கள் பிடித்திருந்த முட்டையில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. அதுதான் நிலா. சூரியனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கையில் வெங்காய வாசனையோடு.

“டீச்சர், நெலா அழுவிப்போனா மெதக்குமா?” என்று அதே வாண்டு கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. “அழுகின முட்டை ஏன் மெதக்குதுன்னு நாளைக்குப் பாக்கலாம்” என்றீர்கள். அங்கே பிடித்தது சனி.

வேகவைக்கும் முன்னால் முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மறுநாள் மூன்று மிதந்தன. திருப்பி அனுப்ப எடுத்து வைத்தேன். நீங்கள் கேட்டீர்கள், கொடுத்தேன். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கிறது, நாளாக நாளாக ஈரம் வெளியே போய்க் காற்று உள்ளே வருகிறது, அதனால்தான் மிதக்கிறது என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவருகே நின்று கேட்டேன்.

அப்போதுதான் சத்துணவைச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் வந்தார். ஒரு பிள்ளை பதறி முட்டையைக் கீழே போட்டது. நாற்றம் தாங்கவில்லை. “ஏது இந்த முட்டை?” என்றார். “ஆயா குடுத்தாங்க சார்” என்றது பிள்ளை, சந்தோஷமாக.

அழுகிய முட்டை போடும் சமையல்காரி என்று எழுதிக்கொண்டு போனார். போகும் முன் என் சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதையும் நான் மறக்கவில்லை. அடுத்த வாரம் என்னை எளாவூர் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

பிறகு நீங்கள் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி நடந்ததைச் சொன்னீர்கள் என்று கேள்விப்பட்டேன். இருக்கட்டும். அந்த இடத்தில், அந்த ஒரு நிமிஷத்தில் ஏன் வாய் திறக்கவில்லை? அந்த நிமிஷத்தைத்தான் பதினோரு வருஷமாகக் கையில் பிடித்திருக்கிறேன்.

லாரிப் புழுதியில் பஸ் பிடித்து எளாவூருக்கு வந்தீர்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், திரும்பவில்லை. “அக்கா, உங்க பக்கத்துல ஒக்காந்துக்கட்டுமா?” என்றீர்கள்.

“அக்கான்னு கூப்புடாதீங்க. எல்லாரும் கூப்புடற மாதிரி ஆயான்னே கூப்புடுங்க.”

உங்கள் செருப்புச் சத்தம் கேட் வரைக்கும் போனது இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு ஒரே தடவைதான் உங்களைப் பார்த்தேன். தெருமுனையிலிருந்து, உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது. நான் கிட்டே வரவில்லை. வந்திருந்தால் முகத்தையாவது பார்த்திருக்கலாம் இல்லையா?

இதையெல்லாம் திவ்யாவிடம் சொன்னேன். அவளும் என்னைப்போலத்தான், விடமாட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு, “டீச்சர் சொல்லல, சரி. நீயும் அங்கதான நின்னுகினு இருந்த? பாடத்துக்குக் குடுத்தேன்னு நீ ஏன் ஆயா சொல்லல?” என்றாள்.

டீச்சர், புடவைப் புள்ளி வரை நினைவிருக்கிற எனக்கு இது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது? நான் கதவருகே நின்றேன். கையில் கரண்டி இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். உங்களுக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும். நாம் இரண்டு பேருமே பேசவில்லை. திவ்யா கேட்ட கேள்வி எந்த அறிவியலில் வரும்? நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

அவள் சும்மா இருப்பாளா? சாரிடம் போய் முட்டைக் கதையைச் சொல்லிவிட்டாள். நல்ல பையன் அவர், கோபித்துக்கொள்ளவில்லை. “புதன்கிழமை உங்க ஆயாவையே வந்து நடத்தச் சொல்லு” என்றாராம்.

போகிறேன். நல்ல முட்டை ஒன்று, எலுமிச்சை ஒன்று, டார்ச். மிதக்கிற முட்டைக்காக இரண்டு மாதமாக மூலையில் கிடந்த ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். “ஒனக்கு இன்னா பைத்தியமா?” என்றார். டார்ச்சை நான் பிடித்துக்கொள்வேன். முட்டையைப் பிடித்து நிற்கத்தான் நீங்கள் இல்லை.

யார் வாசலில் வந்து நின்று இந்த முட்டை ஏது என்று கேட்டாலும், “நான்தான் குடுத்தேன், பாடத்துக்குக் குடுத்தேன்” என்று முதலில் வாய் திறப்பவள் நானாக இருப்பேன். இது சத்தியம்.

பக்கத்தில் உட்கார இடம் வைத்திருக்கும்,
உங்கள் அக்கா
முனியம்மா