சாசருக்கு அடியில் டாலர் காசு

ஜூலை 9, 1979 – திங்கள்

டயர் தொழிற்சாலையில் இருக்கும், காசு போட்டால் சோடா தள்ளும் என் மெஷினில் இன்று புதிதாக ஒரு ஷூ தடம். எவனோ உதைத்திருக்கிறான். பதினெட்டு மெஷின் வைத்திருக்கிறேன், பதினெட்டும் உதை வாங்கியவைதான். எல்லா உதைக்கும் காரணம் ஒன்றே. சட்டைப் பையில் ஒரு டாலர் நோட்டு இருக்கும், சில்லறை இருக்காது. நோட்டுக்குச் சில்லறை தர அங்கே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். நோட்டின் மூலை கொஞ்சம் மடங்கியிருந்தாலும் அது வெளியே துப்பிவிடும். தாகத்தோடு நிற்கிறவன் யாரை உதைப்பான்? என் மெஷினைத்தான்.

இனி அந்தக் கவலை இல்லை. போன வாரம் ஒரு டாலர் காசு வந்துவிட்டது. வங்கியில் ஐம்பது வாங்கினேன். "நோட்டு ஒன்றரை வருஷத்தில் கிழிந்துவிடும், இது பதினைந்து வருஷம் ஓடும்" என்று கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு விளக்கினேன். "சரிங்க, பின்னால நிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

சேமிப்பில் கை வைத்து, ஆறு மெஷின்களுக்கு டாலர் காசு விழுகிற மாதிரி புது வாய் வைக்கச் சொல்லிவிட்டேன். மேக்ஸின் அக்காவிடம் சொன்னதும் சிரித்தாள். "டேய் லைல், அந்தக் காசை ஊர்ல ஒருத்தர் கையிலகூட நான் பார்க்கல. அதுக்குள்ள வாயை மாத்துறியாக்கும்!"

பார்க்கத்தான் போகிறாள். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒரு கட்சி வேண்டும். என் கட்சி டாலர் காசு.

ஜூலை 11 – புதன்

நோரீனைப் பற்றி இதில் எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். எழுதாவிட்டால் மட்டும் என்ன, இல்லாமலா போகும்?

வால்ட்டின் உணவகத்தில் பரிமாறுகிறாள். இரண்டு வருடமாக, வாரநாளில் வேலை முடித்து மூன்றரை மணிக்கு அங்கே போகிறேன். காபி, பழம் வைத்துச் சுட்ட செர்ரி பை ஒரு துண்டு. "என்ன கண்ணு, வழக்கமானதுதானே?" என்பாள். எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான். லாரிக்காரனும் கண்ணு, பாதிரியாரும் கண்ணு. ஆனால் எனக்குச் சொல்லும் 'கண்ணு' கொஞ்சம் நீளமாக இருக்கிறது. (இருக்கிறதா? நானாக நீட்டிக்கொள்கிறேனா?)

அவள் கணவன் எட்டு வருடம் முன்பு டெக்சாஸுக்குப் போனவன் விவாகரத்துப் பத்திரத்தை மட்டும் அனுப்பிவைத்தான். என் மனைவி எலன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. செப்டம்பரில் பொருட்காட்சி. அது முடிகிற சனிக்கிழமை நடனம் உண்டு. நோரீனை அதற்கு அழைக்க வேண்டும். அதற்கு முன் அவள் மனதில் நான் கொஞ்சம் உயர வேண்டும்.

வழக்கமாக ஒரு டாலர் நோட்டை நான்காக மடித்து சாசருக்கு அடியில் வைத்துவிட்டு வருவேன். நாளையிலிருந்து நோட்டு இல்லை. இரண்டு டாலர் காசு. டிப்ஸ் இரட்டிப்பு! என் கட்சிக்கும் விளம்பரம்.

ஜூலை 12 – வியாழன்

வைத்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். காதெல்லாம் சூடு.

ஜூலை 13 – வெள்ளி

"என்ன வேணும், சார்?"

சார்! இரண்டு வருடமாகக் கண்ணு, இன்றைக்கு சார். நேற்றும் இரண்டு டாலர் வைத்தேனே, இன்றைக்கும் இரண்டு வைத்தேனே. செர்ரி பை ஓரம் உடைந்த துண்டாக வந்தது. காபி இரண்டாம் முறை வரவே இல்லை.

ஜூலை 18 – புதன்

நாலு நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். இரண்டு டாலர் அதிகம். ஒரு டாலர் காபிக்கு இரண்டு டாலர் டிப்ஸ் வைக்கிறவனை ஒரு பெண் என்ன நினைப்பாள்? ஏதோ உள்நோக்கத்தோடு வருகிறான் என்றுதானே! (உள்நோக்கம் இருக்கிறது. அது வேறு விஷயம்.)

அதனால் இன்று ஒன்றே ஒன்று வைத்தேன். கதவுவரை போயிருப்பேன், பின்னாலேயே வந்துவிட்டாள். காசை என் உள்ளங்கையில் வைத்து விரல்களையும் மூடிவிட்டாள். "இதை நீங்களே வெச்சுக்குங்க சார். உங்களுக்குத்தான் உதவும்."

என்ன பெருந்தன்மை! என் கையைத் தொட்டாள் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். ஆனால் முகம் மட்டும் ஏன் அப்படி இருந்தது?

ஒருவேளை குறைத்ததுதான் தப்போ? நாளையிலிருந்து மூன்று.

ஜூலை 22 – ஞாயிறு

தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வந்தது. எல்லோரும் நோட்டு போட்டார்கள், சத்தமே இல்லை. நான் இரண்டு டாலர் காசு போட்டேன். கிணிங், கிணிங். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஹெண்டர்சன் அம்மாள் என்னைத் தலைமுதல் கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் ஒரு டாலர் நோட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். அவள் போட்டதைப் போல இரண்டு மடங்கு போட்டிருக்கிறேன், தாயே!

வெளியே வந்ததும் அக்கா காதைக் கடித்தாள். "டேய், தொழில் ரொம்ப மோசமா? கடவுளுக்கே அரை டாலரா?"

"அக்கா, அது டாலர்! ரெண்டு டாலர்!"

"பார்க்க கால் டாலர் மாதிரியே இருக்குதே. அதே நிறம், அதே ஓரத்துக் கோடு."

"கொஞ்சம் பெரிசு. உள்ளே பதினோரு பக்கமா ஒரு சட்டம் இருக்கு, உத்துப் பாரு."

"காணிக்கைத் தட்டை எவடா உத்துப் பார்ப்பா?"

ஜூலை 31 – செவ்வாய்

முடிவெட்டும் ஹெர்ப் என் காசை வாங்க மாட்டேன் என்றார். கல்லாப்பெட்டியை இழுத்துக் காட்டினார். "ஒரு சென்ட்டுக்கு ஒரு குழி, அஞ்சுக்கு ஒண்ணு, பத்துக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. இதை எங்கே போடுறது, என் தலையிலயா?" காலியாக ஒரு குழி இருந்ததே என்றேன். "அது என் மாத்திரைக்கு."

தொழிற்சாலை ஆட்கள் அதற்கு மேல். "பத்து டாலர் காசு பையில கெடந்தா பேன்ட் இறங்குது, லைல்" என்கிறான் ஒருவன். "டாலர்னா மடிக்கணும்யா. மடிக்க முடியாததை எப்படி டாலர்னு சொல்றது?" என்கிறான் இன்னொருவன்.

ஆகஸ்ட் 10 – வெள்ளி

ஆறு மெஷின்களிலும் சேர்த்து இந்த வாரம் விழுந்த டாலர் காசு நான்கு. நான்கும் நான் சோதித்துப் பார்க்கப் போட்டவை.

ஆகஸ்ட் 15 – புதன்

இன்றைக்கு வயிறு எரிகிறது. காப்பீடு விற்கிற கிளைடு நோரீனைப் பொருட்காட்சி நடனத்துக்குக் கூப்பிட்டிருக்கானாம். வால்ட்தான் அடுப்படி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்.

கிளைடு என்ன டிப்ஸ் வைக்கிறான் என்று பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தேன். மடித்த ஒரு டாலர் நோட்டு. ஒன்றே ஒன்று! நான் வைப்பதில் மூன்றில் ஒரு பங்கு! அவனுக்கு, "போயிட்டு வாங்க, கண்ணு", எனக்கு, "அவ்வளவுதானா சார்?"

நான் என்னதான் பண்ணினேன்? யாராவது சொல்லித் தொலையுங்களேன்.

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தண்ணி" என்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 23 – வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மூன்றரைக்குப் போய் உட்கார்ந்தேன். காபி வரவில்லை. நோரீன் வந்தாள், கையில் ஒரு காபித் தூள் டப்பா. அதை என் மேஜைமேல் கவிழ்த்தாள். காசு மழை. தரையெல்லாம் உருண்டது. கடையே நிமிர்ந்து பார்த்தது, கிளைடு உட்பட.

"ரெண்டு வருஷமா தினம் ஒரு டாலர் நோட்டு வெச்சீங்க. திடீர்னு ஒருநாள் ரெண்டு கால் டாலர். அப்புறம் ஒண்ணே ஒண்ணு! அப்புறம் தயவு பண்ணி மூணு! சரி, மனுஷனுக்கு ஏதோ கஷ்டம்னு விட்டேன். நேத்து என் வீட்டுத் துவைக்கிற மெஷின் மக்கர் பண்ணிச்சு. டப்பாவைத் தூக்கிக்கிட்டு, காசு போட்டுத் துவைக்கிற சலவைக் கடைக்குப் போறேன், நீங்க வெச்சதுல ஒண்ணுகூட மெஷினுக்குள்ள நுழையல! பின்னால ஆறு பேர் துணியோட நிக்கிறாங்க, எனக்கு மானமே போச்சு. உங்க மெஷினை ஏமாத்த எவனெவனோ போட்ட போலித் தகட்டைப் பொறுக்கிட்டு வந்து என் தலையிலயா கட்டுறீங்க?"

இரண்டு கால் டாலர். மூன்று கால் டாலர். ஆறு வாரம்! தேவாலய வாசலில் அக்கா சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

வால்ட் கரண்டியோடு வெளியே வந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நோரீன், உன் கண்ணாடி எங்கே?"

"வேலை நேரத்துல நான் போடுறதில்லை. ஏன்?"

"போட்டுக்கோ."

ஏப்ரன் பையிலிருந்து எடுத்துப் போட்டாள். காசைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். பிறகு என் எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இது எல்லாம்…"

"டாலர்" என்றேன். "எல்லாமே."

லாரிக்காரர்கள் தரையில் தவழ்ந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். வால்ட் எண்ணினார். எண்பத்து மூன்று.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தாள். "அப்போ நீங்க கஞ்சன் இல்லையா?"

"இல்லை."

"பைத்தியமா?"

"கொஞ்சம். நோரீன், பொருட்காட்சி நடனத்துக்கு என்கூட வருவீங்களா?" எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம், தெரியாது.

கிளைடு பக்கம் ஒரு பார்வை. "அவருக்கு இன்னும் பதில் சொல்லல" என்றாள். "வர்றேன். ஆனா அன்னிக்கு நோட்டு எடுத்துட்டு வாங்க, கண்ணு."

நீளமாகத்தான் சொன்னாள். கடையில் எல்லோரும் கேட்டார்கள்.

செப்டம்பர் 15 – சனி

நோட்டு எடுத்துப் போகவில்லை. வீம்பு. அந்த எண்பத்து மூன்றில் இருபதை அவளும் பையில் போட்டு வந்திருந்தாள்.

நுழைவுச் சீட்டு ஜன்னலில் இருந்தவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நோட்டு இல்லையா?" பின்னால் வரிசை முனகியது. இதுவும் அரசாங்கம் அடித்ததுதான் என்று நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். நோரீன் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டு, தன் பர்ஸிலிருந்து மடித்த நோட்டுகளை நீட்டினாள். "இப்பவாவது புரியுதா? நாங்க யாரும் உங்க காசுக்கு எதிரி இல்லை லைல். பின்னால நிக்கிறவங்க முனகும்போது எவனுக்கும் உத்துப் பார்க்க நேரம் கிடையாது."

ராட்டினத்தில் இரண்டு முறை சுற்றினோம். நடனத்தில் நான் அவள் காலை மிதித்தது மூன்று தடவை. அவள் என் காலை மிதித்தது அதற்கும் மேல்.

இனிமேல் எழுதப்போவதை அக்கா படிக்கக்கூடாது. சோளப்பொரி வாங்கினேன். கால் டாலர். பேச்சு சுவாரஸ்யத்தில் பைக்குள் கைவிட்டு ஒரு காசை எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தேன். நாலடி போனதும் நோரீன் கத்தினாள். "நில்லுங்க! நீங்க கொடுத்தது டாலரு!" (இப்போதெல்லாம் கண்ணாடி போட்டுத்தான் வெளியே வருகிறாள்.)

நான்! ஆறு மெஷினுக்கு வாய் மாற்றியவன்! சோளப்பொரிக்காரரும் கால் டாலர் என்றுதான் பெட்டிக்குள் போட்டிருந்தார். மூவருமாகக் கிண்டித் தேடி எடுத்தோம். நோரீன் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் இவ்வளவு சந்தோஷமாக எப்போது கடைசியாக இருந்தேன் என்று ஞாபகமில்லை.

அக்டோபர் 22 – திங்கள்

வங்கிப் பெண் இப்போது என்னைக் கண்டதுமே, "நோட்டா, காசா?" என்று கேட்கிறாள். எல்லோரிடமும் கேட்கிறாளாம். கேட்டால் யார் காசு என்பார்கள்? பழகிய நோட்டு பக்கத்திலேயே இருக்கும்போது கனத்தைச் சுமக்க எவன் வருவான்? நோட்டை நிறுத்தினால்தான் காசு நடக்கும். நிறுத்துவதற்கு மேலே இருப்பவர்களுக்குத் துணிவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, நானே முந்தாநாள் சவரத்துக்கு நோட்டுதான் கொடுத்தேன்.

ஆறு மெஷின்களுக்கும் பழைய வாயையே மாட்டிவிட்டேன். உதைகள் தொடர்கின்றன.

டிசம்பர் 24

கேட்டேன். சரி என்றாள். அக்காவுக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணு கண்ணாடி போட்டுட்டுத்தானே சரின்னா?" என்றாள்.

மே 11, 1980 – ஞாயிறு

கல்யாணமாகி மூன்று மாதம். வாரம் முழுக்க அடுத்தவர்களுக்குக் காபி ஊற்றுகிறவள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காபி என் பொறுப்பு. இன்று செர்ரி பையும் நானே சுட்டேன். ஓரம் கருகிவிட்டது, கருகலை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை காபி கேட்டாள், ஓடிப் போய் ஊற்றினேன். "பரவாயில்லை, கவனிப்பு" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள்.

மேஜையைத் துடைக்கப் போனேன். அவள் சாசரை எடுத்தால் அடியில் ஒரு காசு.

ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அவள் கண்ணாடி அங்கேதான் கிடந்தது, அதையும் போட்டுக்கொண்டு நன்றாக உற்றுப் பார்த்தேன்.

கால் டாலர்தான்.