வண்டிக்கு நானே மாட்டிய வின்ச்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? கடவுள் புண்ணியத்தில் நான் நலம், அசதிதான்.

இங்கே பண்ணை ஆட்களுக்கு நான் சமைத்துக் கொண்டுபோகும் நாலு சக்கர பைக் போன வாரம் சேற்றில் சிக்கியது. பயப்பட ஒன்றுமில்லை. கூப்பிட்டும் ஆளில்லாமல் நடந்தே திரும்பினேன். மறுநாள் பண்ணை டிராக்டர்காரர்தான் வண்டியை இழுத்துவிட்டார். மெக்கானிக் கடைக்கூலி கட்டுப்படியாகாததால், கம்பிவடத்தைச் சுருட்டி வண்டியை இழுத்துவிடும் வின்ச்சை நானே மாட்டினேன். அவசரத்தில் முன்பக்கக் காப்புக் கம்பியை முதலில் இறுக்கிவிட்டேன். வின்ச் உள்ளே போகவில்லை. சாமியைக் கும்பிட்டு, கழற்றி மறுபடி மாட்டினேன்.

"அக்கா, அடுப்படியை மூடிட்டு பட்டறை வச்சுட்டீங்களா?" என்றார் டிராக்டர்காரர்.

"குக்கர் மூடியைவிட இது சொன்ன பேச்சு கேக்குது தம்பி!"

இனி சிக்கினால் வின்ச் வடத்தின் கொக்கியை மரத்தில் மாட்டி நானே வெளியேறலாம். யாரையும் கூப்பிட வேண்டாம்.

தபால்காரர் வந்துவிட்டார். கிரீஸ் துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் மனைவி