அடி எப்போது விழும்

பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். உடைந்த தேங்காயின் வாடை. கல்லில் தெறித்து, வெயிலில் லேசாகப் புளிக்கத் தொடங்கிய தேங்காய்த் தண்ணீர், ஈர நார், கற்பூரம். கோயில் பக்கமிருந்து இன்னொரு தேங்காய் உடையும் அடி. என் இடது கை விரல்கள் தாமாக அசைகின்றன. பக்கத்தில் நிற்பவர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகிறார்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

நம் குழு பயிற்சி செய்த மாடி அறை இங்கிருந்து தெரிகிறது. இப்போது அதில் டியூஷன் சென்டர். சத்தம் வெளியே போகாமலிருக்க நாம் சுவரில் அடித்த பழைய மெத்தைகளை எடுத்திருப்பார்கள். ஜோஜி பாட்டும் கிட்டாரும். நான் பேஸ் கிட்டார். நீ டிரம்ஸ். கறுப்பு டீஷர்ட், தோள்வரை முடி, ஆங்கிலப் பாட்டு, கை வலிக்கும் வேகம். குழுவின் பெயரை டீஷர்ட்டில் முள்கம்பி போல வரைந்திருந்தோம். போனக்காடு மலையிலிருந்து வந்த உன் அம்மா அதைத் துவைத்துப் பிழிந்துவிட்டு, "இது என்னா செடிப்பா, வெறும் வேரா இருக்கு?" என்று கேட்டார்.

அன்று பாட்டின் நடுவில் மின்சாரம் போயிற்று. கிட்டார்கள் இரண்டும் ஊமையாயின. நீ மட்டும் கொஞ்சம் அடித்துவிட்டு நிறுத்தினாய். ஜன்னல் வழியே தேங்காய் உடையும் சத்தம். ஒன்று. பிறகு வெகுநேரம் எதுவுமில்லை. அடுத்தடுத்து இரண்டு. மறுபடியும் எதுவுமில்லை.

"டேய், அடுத்தது எப்ப விழும்?" என்று கேட்டாய்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல? ஆனா காத்துட்டிருக்க பாரு. நாம வாசிக்கறப்ப ஒருத்தனாவது இப்டி காத்துட்டிருந்திருக்கானா?"

மின்சாரம் வந்தபோது நாம் பழைய பாட்டுக்குத் திரும்பவில்லை.

புதிய பாட்டில் ஒரே ஒரு விதி. நான் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே சுற்ற வேண்டும். ஜோஜியின் கிட்டார் இரைச்சல் இல்லாமல், மெலிதாக, என்னோடு. நீ ஸ்டிக்கை ஓங்கியபடி இருப்பாய். நீ அடித்தால்தான் அடுத்த சுரத்துக்குப் போகலாம். அதுவரை எதுவும் மாறக்கூடாது. முதல் நாளே கேட்டேன், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை அடிப்பாய் என்று. உனக்குக் கோபம் வந்தது. "நேத்து அடிச்ச எடத்துலயே இன்னைக்கும் அடிச்சா அது கடிகாரம். அதுக்கு நான் எதுக்கு?"

உன் கையைப் பார்த்தே ஆகவேண்டும் என்பதால் மேடையில் உன் பக்கம் திரும்பினோம். கூட்டத்துக்கு முதுகு. அது பெரிய யோசனை என்று பிறகு சிலர் சொன்னார்கள். யோசனை எதுவும் இல்லை. தலைமுடி விஷயமும் அப்படித்தான். நீ ஒரு இன்டர்வியூவுக்காக வெட்டிக்கொண்டாய். வேலை கிடைக்கவில்லை. உனக்குத் துணையாக நாங்களும் வெட்டிக்கொண்டோம். சாதாரண முழுக்கைச் சட்டைகளில் நம் மூவரையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஜோஜி தன் மலையாளத் தமிழில் சொன்னான்: "இப்போ நம்மளைக் கண்டா லோனுக்கு அப்ளை செய்யான் வந்தவங்க மாதிரி உண்டு."

கோட்டைக்குள் எங்கள் வீட்டில், பயிற்சியில் பிடித்த புதிய பாட்டைச் செல்போனில் போட்டுக் காட்டினேன். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இப்பத்தான்டா பாட்டு மாதிரி இருக்கு. நடுநடுவுல கரண்ட் போயிடறதோ?" இதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

புதிய பாட்டுக்கு முதல் மேடை, அந்தக் கல்லூரி மைதானம். பழைய பாட்டுக்கு வந்த கூட்டம். ஸ்டிக் மேலே போனது. மேலேயே இருந்தது. "எடா, டிரம்ஸ் கேடாயோ?" டிரம்ஸ் கெட்டுவிட்டதா என்று யாரோ கத்தினார்கள். அதற்காகவே நீ இன்னும் காத்தாய். உன் புருவத்தில் வேர்வை நின்றது எனக்குத் தெரிந்தது. கத்தியவர்கள் ஓய்ந்தார்கள். மைதானமே உன் மணிக்கட்டைப் பார்த்தது. அடித்தாய். அன்றிலிருந்து வேறு குழு ஆனோம். அந்தப் பாட்டுக்காகக் கூப்பிட்டார்கள். ஒருமுறை பதிவும் செய்தோம், ஒரே மூச்சில்.

அடுத்த மழையில் உனக்கு எலிக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

போனக்காடு. பனி. மூடிக்கிடக்கும் தேயிலை ஆலை. உங்கள் லயத்து வீட்டு வாசலில் துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் இடம் மாறி மாறி நின்றேன். உன் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் கையத் தூக்கிட்டு சும்மா ஒக்காந்திருப்பானே, அந்தப் பாட்டு. இனி யாரு தம்பி வாசிப்பா?"

"அவன் வாசிச்ச மாதிரியே வாசிப்போம்மா."

அந்தப் பதிலோடு மலை இறங்கினேன்.

உன் இடத்துக்கு ஜெபா வந்தாள். பாறசாலைக்காரி. தேவாலயப் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசித்தவள். உன் பதிவை அவளிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உன் ஒவ்வொரு அடியும், உன் ஒவ்வொரு தாமதமும் அவள் கைக்கு வரும்வரை விடவில்லை. வந்தது. அச்சு அசல். கண்ணை மூடினால் நீ. ஆனால் நான் கண்ணை மூடித்தான் வாசித்தேன். ஜோஜியும். யாரும் யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடி எங்கே விழும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஒருநாள் அவள் ஸ்டிக்கைக் கீழே வைத்தாள்.

"சேட்டா, இது எனக்க அடி இல்ல. அவருக்க அடி. அவரு இப்ப இருந்தா இதயா அடிப்பாரு?"

"உனக்கு அவனைத் தெரியாது."

"தெரியாதுதான். நீங்க சொல்லுத ஆள வச்சுதான் கேக்கேன்."

பயிற்சி அறையை விட்டு வெளியேறினேன். கிழக்கேகோட்டை வரை நடந்தேன், திரும்ப நடந்தேன். மறுநாள் அவள் பழையபடி உன் அடிகளை அடித்தாள். எனக்கு நிம்மதி வரவில்லை.

போன சனிக்கிழமை, நீ இல்லாமல் முதல் மேடை. மியூசியம் பக்கம், திறந்த வெளி, நல்ல கூட்டம். ஜெபா ஸ்டிக்கை ஓங்கினாள். நான் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ அடிக்கும் இடம் வந்தது. என் விரல்கள் அடுத்த சுரத்துக்குப் போயின.

அடி விழவில்லை.

அந்தப் புதிய சுரத்தில் நான் தனியாக நின்றேன். ஜோஜி பழையதிலேயே இருந்தான். இரண்டும் உரசின. முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்தார் என்று நினைக்கிறேன். என் முதுகு அப்படிச் சொன்னது. ஜெபாவைப் பார்த்தேன். கை மேலேயே. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமில்லாமல், கெஞ்சாமல்.

உன் விதி. அடித்தால்தான் போகலாம்.

எல்லோருக்கும் கேட்கும்படி பழைய சுரத்துக்குத் திரும்பி வந்தேன். சுற்றினேன். எப்போது என்று தெரியவில்லை. நீ போன அந்த மழைக்குப் பிறகு முதல் முறையாக எனக்குத் தெரியவில்லை. அவள் கழுத்து நரம்பு, மணிக்கட்டு, மூச்சு. கூட்டம் இருமலை நிறுத்தியது.

விழுந்தது. நீ ஒருநாளும் அடித்திராத இடத்தில்.

உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அங்கே விட்டுவிட்டேன். அல்லது அங்கேதான் காப்பாற்றினேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன், இந்த வாரம் முழுக்க.

மேடைக்குப் பின்னால் ஜோஜி, "ஆ தெற்று கொள்ளாம்டா. அந்தத் தப்பை விடண்டா" என்றான். அந்தத் தப்பு நன்றாயிருந்ததாம், அப்படியே வைத்துக்கொள்ளலாமாம். வேண்டாம் என்றேன். ஆனால் நேற்றுப் பயிற்சியிலும் விரல்கள் போயின. அவளுடைய அடிக்கு முன்பே, உன் பழைய இடத்துக்கு. தனியாகப் போய், யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. இதுவும் கடிகாரம் ஆகிவிடும் என்பாய். தெரியும். நிறுத்த முடியவில்லை.

பஸ் வந்து நிற்கிறது. கோயில் முன்னால் வெள்ளை வேட்டியில் ஒருவர், தேங்காயை ஓங்கிக் கண்மூடி நிற்கிறார். உதடுகள் அசைகின்றன. நிறைய வேண்டுதல் போல.

"கேறுன்னுண்டோ?" ஏறுகிறேனா என்று நடத்துனர் கேட்கிறார்.

நான் தேங்காயைப் பார்த்தபடி நிற்கிறேன். இரட்டை மணி. பஸ் நகர்கிறது. அந்தக் கை இன்னும் மேலேதான் இருக்கிறது.