தேர்ப் படம் போட்ட தாள்

வட்டுக்கோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் வினோஜாவுக்கு,

பிள்ளையார் காவலில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகனும் பேரனும் அந்தக் குளிரில் வருத்தம் ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது, ஆனாலும் சைக்கிளைத் தொடவேண்டாம் என்றால் கேட்கிறாரில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய், இதை நீ ஆறுதலாக முழுவதும் வாசிக்க வேண்டும், அதுதான்.

உன்னோடு படித்த பிரியந்தினி நடத்தும் ‘வழுக்கியாறு’ வாரப் பத்திரிகை, எங்கள் கோயில் கேணிக்கரையில் யாரோ லொறியில் கொண்டுவந்து கட்டடக் கழிவு கொட்டுவதை முன்பக்கத்தில் எழுதியது, மேலே எங்கள் பிள்ளையாரின் தேர்ப் படமும் போட்டிருந்தாள். பிறகு அந்த முன்பக்கம்தான் என்று ஒரு படம் எல்லோருடைய போனிலும் வந்தது, கேணித் தண்ணீர் அழுக்கு, தீர்த்தத் திருவிழாவை நிறுத்துங்கள் என்று பெரிய எழுத்தில். நீயும் அதைக் குடும்பக் குழுவில் போட்டு, இவளுக்கு என்ன கொழுப்பு என்று எழுதியிருந்தாய். ஊரில் கேட்கவா வேண்டும், கடைக்காரர் பத்திரிகையைத் திருப்பி அனுப்பினார்கள், தான் அப்படி எழுதவில்லை என்று அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அவளுடைய அலுவலகம் இருப்பது கோயிலுக்குச் சொந்தமான அறையில், அதை விட்டு அவளை எழுப்பக் கோயில் பரிபாலன சபை கூட்டம் வைத்தது. அறை போனால் பத்திரிகையும் போனமாதிரித்தான், வேறு இடம் பிடிக்க அவளுக்கு வசதியில்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் பக்கத்து வீட்டுப் பராசக்தி வேலிக்கு மேலால் கூப்பிட்டு, அக்கா, அந்தத் தேர்ப் படம் போட்ட தாள் எங்கடை சாமியறையிலை கிடக்கெல்லோ, அதிலை உப்பிடி ஒண்டும் இல்லையே என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சாமிப்படம் உள்ள தாளில் நாங்கள் முருங்கைக்காய் சுற்றுவதுமில்லை, அலுமாரியில் விரிப்பதுமில்லை, உனக்குத் தெரியும். பொய்யைச் செய்தவனுக்கு அது தெரியாமல் போய்விட்டது. இரண்டு பேருமாக ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் போய், அவரவர் தாளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வரச் சொன்னோம்.

கூட்டத்தில் தலைவர் அருளம்பலத்தார் போனை உயர்த்திக் காட்டி, இதுக்குப் பிறகும் என்ன கதை என்று கேட்டார். பராசக்தி எழும்பி, உந்தப் போனைக் கீழை வைச்சிட்டு இதைப் பாருங்கோ அண்ணை என்று தாளை நீட்டினாள். பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் பையிலிருந்து விபூதியும் குங்குமமும் படிந்த தங்கள் தங்கள் தாளை எடுத்துப் பிடித்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், அதே தேர், அதே திகதி, தலைப்பு மட்டும் வேறு. சபையில் ஒருவர், உதுகளை நீங்கள் நேற்று அடிச்சுக் கொண்டு வந்திருப்பியள் என்றார். ஓம், விபூதியும் குங்குமமும் சேத்து அடிச்சனாங்கள் என்றாளே பராசக்தி, மண்டபமே சிரித்தது. அருளம்பலத்தாரும் சிரித்துவிட்டு, மகன் லண்டனிலையிருந்து அனுப்பினவன், படிச்ச பிள்ளையெண்டு நம்பிப்போட்டன் என்றார். அறை பிரியந்தினிக்கே என்று தீர்மானமானது. அன்று பின்னேரப் பூசைக்கு அவரே ஒலிபெருக்கியில் அந்தப் படம் பொய் என்று சொன்னார், கேணிக்கரைக் கழிவைச் சபையே ஆள் பிடித்து அள்ளியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது பிள்ளை.

இப்போது ஞாயிறுகளில் அதே மண்டபத்தில் பிரியந்தினி எங்களுக்கு வகுப்பு வைக்கிறாள், ஒரு செய்தி வந்தால் முதலில் யார் சொன்னது, எப்போது எடுத்த படம், வேறு எங்கே வந்திருக்கிறது என்று பார்க்கப் பழக்குகிறாள். முன்வரிசையில் அருளம்பலத்தார். வீட்டுக் கணக்கு ஒரு சதம் இடித்தாலும் திரும்பக் கூட்டிப் பார்க்கிற நாங்கள் ஒருத்தியின் பெயரைக் கெடுக்கிற செய்தியை மட்டும் ஏன் பார்க்காமல் அனுப்ப வேண்டும் சொல். நீ அந்தப் படத்தை அழித்ததாக மருமகன் சொன்னார், அது மட்டும் காணாது. போட்ட அதே இடத்தில் அது பொய் என்று எழுது. பிரியந்தினி உன்னைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, வினோஜா சுகமோ அன்ரி என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு நீயே போன் எடுத்துக் கதை.

தீர்த்தம் சிறப்பாக நடந்தது, பிள்ளையார் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். பேரனுக்கு விபூதியும் இந்தக் கிழமை ‘வழுக்கியாறு’ம் உள்ளே வைத்திருக்கிறேன். இனி எல்லா இதழிலும் சாமிப்படம் போடப்போறன், ஊரே பத்திரமாய் வைச்சிருக்கும் என்று பிரியந்தினி பகிடி விட்டாள். படத்துக்காக வைச்சம், எழுத்துத்தான் பிள்ளை உன்னைக் காப்பாத்தினது என்றேன். வாசித்துவிட்டு எறிந்துவிடாதே, இதிலும் தேர் இருக்கிறது.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா
இராசமலர்