வண்டிக்கு இழுப்பு

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகப் படியுங்கள்: வாலு நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, என் ஸ்கேலைத் துடுப்பாக்கி உங்கள் கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். எஞ்சினெல்லாம் அவளுக்கு வேண்டாமாம். நானும் நலம். எஞ்சின் அறைச் சூட்டில் நீங்கள் தண்ணீர் குடிக்க மறக்காமல் இருந்தால் அது போதும் எனக்கு.

போனில் சொல்ல முடியாததால்தான் கடிதம். கப்பல் கரையோரம் வரும்போதுதான் உங்களுக்கு லைன் கிடைக்கிறது, அதிலும் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. பக்கத்தில் வாலு வேறு. பாம்புக் காது அவளுக்கு. அவள் கேட்கக் கூடாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

போன தடவை நீங்கள் பேசிய பிறகு இங்கே நடந்த கூத்து உங்களுக்கு முழுதாகத் தெரியாது. ரீமேப் பண்ணினால் வண்டிக்கு இழுப்பு வந்துடும்னு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் உங்கள் கூட்டாளி சொல்றாரு என்றுதான் நான் சொன்னேன். உங்கள் காதில் விழுந்ததோ இழுப்பு வந்துடுச்சு என்று. அதோடு லைன் செத்துவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இழுப்பு என்றால் எஞ்சினின் பலம். நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம், பிள்ளைக்கு வரும் மூச்சிரைப்பு. நீங்கள் எப்படியோ உங்கள் அக்காவைப் பிடித்துச் சொல்ல, அவர் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் இன்னொரு காலில் பழுப்புச் செருப்புமாகப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வாசலில் வந்து நின்றார். வாலு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு, அத்தை செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அத்தைக்கு உயிர் போய் உயிர் வந்தது. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. இங்கிருந்து சரியான செய்தி வரும்வரை நடுக்கடலில் நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

சரி, ரீமேப் விஷயத்துக்கு வருகிறேன். வாலுவுக்குப் பள்ளிக்கூடத்தில் இரைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சொன்ன நாளிலிருந்து உங்களுக்கு இதே பேச்சு. மேட்டு ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம், அதனால்தான் தாமதம் என்று நான் சொன்னேன். அதற்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்து, வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதி, எஞ்சினுக்குக் கூடுதல் டீசலைக் கொடுத்துப் பலம் ஏற்றுவது. லாரியை ஒரே மிதியில் தாண்டிடலாம், ஒரு மத்தியான வேலைதான், போய்ப் பண்ணிட்டு வா என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றதும் உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை விஷயத்துல என்ன யோசனை என்று கேட்டீர்கள். சுருக்கென்றது எனக்கு. பிள்ளை விஷயம் என்பதால்தானே ஐயா யோசனை!

ஆனாலும் உங்கள் பேச்சைத் தட்டவில்லை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை விடுமுறையன்று வாலுவையும் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உங்கள் கூட்டாளி ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, லேப்டாப்பில் இரண்டு கோடுகளைக் காட்டினார். பச்சை இப்போது இருக்கும் பலம், சிவப்பு ஏற்றப்போகும் பலம். பச்சைதான் அழகு என்று வாலு தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிறகு பலம் ஏற்றிய தன் வண்டியையே கொடுத்து மேட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன். மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்த மேடு மேடாகவே தெரியவில்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தலாம் போல் இருந்தது. இறங்கியதும் நம்ம வண்டிக்கும் பண்ணிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் நம் வண்டியைப் பார்த்து முடித்திருந்தார். புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் அடைத்துக் கிடக்கிறதாம். அதையும் கழட்டி எறிஞ்சிட்டா இன்னும் பிரமாதமா இழுக்கும், நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்க என்றார். அப்ப அந்தக் கரியெல்லாம் எங்க போகும் என்று கேட்டேன். வெளியதான் போகும், நமக்கொண்ணும் வராது, பின்னாடி வர்றவங்களுக்குத்தான் என்றார். அந்த நேரம் பார்த்து மூலையில் யாரோ ஒரு எஞ்சினை உறுமவிட்டார்கள். வாலு இருமினாள். நான் பையிலிருந்து மருந்து ஊதும் குழாயை எடுத்து அவள் முகத்தில் பொருத்தினேன். மனுஷருக்கு முகம் செத்துவிட்டது. பிள்ளைக்கு இப்படி என்று நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஓடிப்போய் அந்த எஞ்சினை அணைக்கவைத்தார். திரும்பி வந்து, ஃபில்டரைத் தொடவே வேணாம், அதை வெச்சுக்கிட்டே கொஞ்சமா பலம் ஏத்தித் தர்றேன், ஆனா கிளட்சும் டர்போவும் பழசு, எத்தனை நாள் தாங்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நல்ல மனுஷர். அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் கண்ணாடிக் கடையில் பவர் ஏறினால் யாரும் சந்தோஷப்படுவதில்லை, உங்களுக்குத் தெரியும். மறுநாள் ஒரு பெரியவர் வந்து, டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதை விட ஒரு நம்பர் கூடவே போட்டுக் கொடும்மா, நல்லா பளிச்சுன்னு தெரியட்டும் என்றார். அளவுக்கு மேல போட்டா தலைவலிதான் மிச்சம் சார், எது தெரியலைன்னு முதல்ல சொல்லுங்க என்றேன். சொல்லிவிட்டு, கையில் இருந்த லென்ஸைத் துடைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். வாலுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு நமக்கு எது இல்லாமல் போயிற்று என்று நான் உங்களிடம் இன்னும் சொல்லவே இல்லையே.

சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அன்று எனக்கு முன்னால் எந்த லாரியும் போகவில்லை. பள்ளிக்கூடத்திலேயே ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். அதனால் நானே அவளைத் தூக்கிவந்து பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்தேன். குழாயைக் கையில் கொடுத்து, மூச்சு முட்டினா முகத்துல வெச்சுக்கோ கண்ணு என்றேன். சமர்த்தாகத் தலையாட்டினாள். ஐந்து வயதுகூட முடியாத பிள்ளை அது. மேட்டில் பாதி ஏறியதும் பின்னாலிருந்து சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். குழாய் கீழே விழுந்து கிடந்தது. குனிந்து எடுக்க அவளுக்குத் தெம்பில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைப் பின்னால் நீட்டினேன். எட்டவில்லை. வண்டி நடு ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. எதிரே ஏதாவது வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இல்லை.

ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். மடியில் போட்டு மருந்தை ஊதியதும் கொஞ்சம் மூச்சு திரும்பியது, ஆனால் போதவில்லை. நான் ஓட்டினால் அவளைப் பிடிக்க ஆளில்லை. பிடித்தால் ஓட்ட ஆளில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, எஞ்சின் மட்டும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

லாரி பின்னால்தான் வந்தது. ஹாரனை அடி அடி என்று அடித்துவிட்டு நின்றது. டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். கதவுக்குள் எட்டிப் பார்த்ததும் பாதித் திட்டில் வாயை மூடிக்கொண்டார். தன்னோடு வந்தவரிடம் லாரியை விட்டுவிட்டு நம் வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறினார். நீங்க பாப்பாவைப் பாருங்க, ரோட்டை நான் பார்த்துக்கறேன் என்றார். அவர் பேசியது அவ்வளவுதான். அதே வண்டி, அதே மேடு. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டேதான் ஏறியது. அவர் அதை விரட்டவே இல்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அப்படி ஓட்டினார். நான் குழாயை அவள் முகத்தில் பிடித்துக்கொண்டு, விடு கண்ணு, மூச்சை விடு, விடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போய்ச் சேர்ந்தோம். ஆக்சிஜன் வைத்த பிறகு திரும்பிப் பார்த்தால் வண்டிச் சாவி நர்ஸ் மேசையில் இருந்தது, ஆளைக் காணோம். நன்றி என்ற ஒரு வார்த்தைகூட நான் அவருக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் அப்போதே சொன்னால் கடலில் நீங்கள் நிலைகொள்ளாமல் தவிப்பீர்கள் என்று பயந்துதான் லாரியின் தலையில் பழியைப் போட்டேன்.

உங்கள் கூட்டாளியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபில்டரைச் சுத்தம் செய்து, விரிசல் விட்டிருந்த ஒரு காற்றுக் குழாயையும் மாற்றிக் கொடுத்தார். வண்டி இப்போது தன் வயசுக்குத் தக்கபடி ஒழுங்காக ஏறுகிறது. அது போதும். நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டாள் என்று கோபப்படுவீர்கள், பட்டுக்கொள்ளுங்கள். நேரில் நின்று திட்டினால் இன்னும் நன்றாகக் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் அக்கா நான் வந்து கூட இருக்கேன் என்றார். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டு அவரால் எத்தனை நாள் இருக்க முடியும்? மழைக்காலத்தில் இரைப்பு மறுபடியும் வரலாம், கவனமா இருங்க என்கிறார் டாக்டர்.

இந்தக் கடிதம் கிடைக்கும் துறைமுகத்தில் அடுத்த ஒப்பந்தத்தை உங்கள் முன்னால் நீட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வீடு உங்கள் வேர்வையில் நிற்கிறது, அதுவும் தெரியும். கண்ணாடிக் கடைச் சம்பளத்தை நம்பி எதுவும் பேச எனக்கு வாயில்லை. ஆனால் நீங்கள் அனுப்புகிற எதுவும் பின் சீட்டில் உட்கார்ந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்ளாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைவிட நாகரிகமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

கடல் உங்களை நோகாமல் சுமக்கட்டும். கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கும்போது ஒரு நிமிஷம் கண்ணை மூடி அந்த மேட்டை நினைத்துப் பாருங்கள். நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
வாலுவின் அம்மா