எனக்கு எதிராக வாக்குப் போட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை கருவாடு பொரித்தேன். மகள் ஓடிவந்து, குளிரையும் பாராமல் ஜன்னலெல்லாம் திறந்துவிட்டாள். "அம்மா, பியர்பொன்ட்ஸ் ஊர் முழுக்க மணக்குது" என்றாள். எனக்கோ அந்த மணத்தோடு நீங்கள்தான் குசினிக்குள் வந்து நின்றீர்கள். நாம் வேலை செய்த தையல் பக்டரியில் மத்தியானம் உங்கள் சாப்பாட்டுப் பெட்டி திறந்தால் கடைசி மெஷினில் இருப்பவளும் திரும்பிப் பார்ப்பாள். "மன்னார்க் கருவாடு. மூக்கு உள்ளவை அனுபவிக்கட்டும்" என்பீர்கள்.

அந்த நேரம் வானொலியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக், கனடாவை விட்டுத் தனிநாடாகப் பிரிவதா என்று சனத்திடம் கேட்கும் வாக்கெடுப்பு திரும்பவும் வரக்கூடுமாம். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடினபிறகு நான் தனியே இருந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

தொண்ணூற்றைந்தில் அந்த வாக்கெடுப்பு வந்தபோது நம் இரண்டு பேருக்கும் பிரஜாவுரிமை கிடைத்துக் கொஞ்சக் காலம்தான். மொன்ட்ரியால்-நோரில் ஒரே கட்டடம், நீங்கள் மேல்வீடு, நான் கீழ்வீடு. ஊரில் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, நீங்கள் ஆறாம் வகுப்பு வரை. அதற்கும் உங்களுக்கு ஒரு பெருமை.

மெஷினை ஓட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "நான் ஓம் எண்டுதான் போடப்போறன். தங்கடை பாஷை, தங்கடை மண் எண்டு கேக்கிற சனத்துக்கு எந்த வாயாலை வேண்டாம் எண்டுறது? நாங்களும் அதைக் கேட்ட ஆக்கள்தானே."

"எனக்கு இன்னொருக்காப் பெட்டி கட்ட ஏலாது அக்கா. நாடு பிரிஞ்சா என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? நான் நோன்தான், வேண்டாம் எண்டுதான் போடுவன்."

"பயந்தாங்கொள்ளி."

"பயந்தபடியாத்தான் உயிரோடை இருக்கிறன்."

அந்தக் கிழமை முழுக்க இப்படித்தான். ஒருநாள் கோபத்தில் எனக்குக் கருவாட்டுத் துண்டுகூட வைக்கவில்லை நீங்கள். எதிர்ப்பக்கம் நின்றதற்காகச் சொந்தத் தம்பியோடு கதையை விட்டவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன். இங்கே எனக்கென்று இருந்தது நீங்கள் ஒருவர்தான். சீட்டில் கீறும் ஒரு புள்ளடிக்காக உங்களை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

வாக்கு நாளன்று வேலை முடிந்து இறங்கினால், கதவடியில் நிற்கிறீர்கள்.

"வா. எனக்கு எதிராப் போடப்போறவளை நானே கூட்டிக்கொண்டு போறன்."

வழியில் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, வேணுமெண்டா நான் உங்கடை பக்கமே போடுறன்."

நடுத்தெருவில் நின்றுவிட்டீர்கள். கார்க்காரன் ஒருவன் ஹோர்ன் அடித்தான். நீங்கள் அசையவில்லை.

"அப்பிடிப் போட்டியெண்டா இனி என்ரை முகத்திலை முழியாதை. மற்றவை சொன்னபடி போட்டதெல்லாம் ஊரோடை போதும். உன்ரை மனசு சொல்லுறதைப் போடு. பேந்து வந்து என்னோடை சண்டை பிடி."

பள்ளிக்கூட மண்டபத்தில் சீட்டை விரித்தால் எழுத்து மட்டும்தான். இலங்கையில் ஒருமுறை, தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின் காலத்தை நீட்ட அரசியல் சட்டத்தை மாற்றலாமா என்று கேட்டபோது, ஓம் என்பதற்கு விளக்கும் இல்லை என்பதற்குக் குடமும் படமாகத் தந்தார்கள். பக்கத்து மறைப்புக்குள்ளிருந்து உங்கள் குரல் வந்தது: "எடியே, இதிலை விளக்கையும் காணேல்லை, குடத்தையும் காணேல்லை." யாரோ 'உஷ்' என்றார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு என் மனம் சொன்ன இடத்தில் கீறினேன்.

பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு, மேசையில் இருந்த மனிசனிடம் இடது கைச் சின்னவிரலை நீட்டினீர்கள். வாக்குப் போட்டால் விரலில் மை பூசுவதுதானே நமக்குத் தெரியும். அவர் விரலைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். பிறகு எழும்பி, அந்த விரலைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கி, "மெர்சி மதாம்" என்றார். எனக்குச் சிரிக்க உரிமை இல்லை. உங்கள் பின்னால் நானும் விரலை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். வீடுவரை சிரித்தோம்.

அடுத்த நாள் காலை, நோன் மயிரிழையில் வென்றுவிட்டது. பிரெஞ்சுக்காரியான நம் சூப்பர்வைசர் மதாம் அழுது கண் வீங்கி வந்திருந்தா. நீங்கள் போய் நெஞ்சில் கை வைத்து, "முவா, உவி" என்றீர்கள். நானும் ஓம் என்றுதான் போட்டேன் என்று அர்த்தம். அவ உங்களைக் கட்டிப்பிடித்து அழுதா. அதோடு விட்டீர்களா? அவவின் தோளுக்கு மேலால் என்னைக் காட்டி, "எல், நோன்" என்றீர்கள். இவள் வேண்டாமென்று போட்டவள் என்று காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். மதாம் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் மேசைக்குக் கீழ் போயிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் சிரித்த சிரிப்பில் அவவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் என் சோற்றின் மேல் இரண்டு கருவாட்டுத் துண்டு இருந்தது.

"உன்ரை வாக்கை நான் தின்னிட்டன், என்ரையை நீ தின்னிட்டாய். இனிச் சோத்தைத் தின்" என்றீர்கள்.

இன்று சாப்பாட்டு மேசையில் மகளும் மருமகனும், "திரும்ப வந்தாலும் நோன்தான், இதிலை யோசிக்க என்ன இருக்கு" என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான் அக்கா. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"உன்ரை பிள்ளையள் தமிழ் கதைக்காட்டி எனக்கு எப்பிடி இருக்கு? இந்தப் பிரெஞ்சுச் சனத்துக்கும் தங்கடை பாஷையை நினைச்சு அப்பிடித்தானே இருக்கும்" என்றேன்.

மகள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நீங்கள் இப்ப எந்தப் பக்கம்?"

"நோன்தான். ஆனா பெரியம்மாவின்ரை பக்கம் கதைக்க இந்த வீட்டிலை ஆள் இல்லையே."

மருமகன் விடவில்லை. நானும் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை உங்கள் பக்கம் நின்று கதைத்தேன். தோற்கவும் இல்லை.